எழுத்துக் கூட்டுதல்

திருப்புறத்தில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. தமிழ் வாசிக்கிறவர்கள் குறைவு. என் நண்பன் பேசுகிறவன். வீட்டில் அம்மாவோடு தமிழ், சந்தையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் குழைந்த வேறொன்று. பள்ளியில் அவனும் நானும் ஒரே பெஞ்சு, படித்ததெல்லாம் மலையாளம். எனக்குத் தமிழ் எழுத்து வந்தது அம்மச்சியால். கண்ணில் புரை விழுந்து ஜெபப்புத்தகம் வாசிக்க முடியாமல் போனபோது அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆறு வயதுப் பேரனை இழுத்து உட்காரவைத்து முற்றத்து மணலில் அகரம் போட்டுக் காட்டினாள். கண் மறந்தாலும் விரல் மறக்கவில்லை. அவள் போன பிறகு அந்த எழுத்துக்கு எங்கள் ஊரில் பெரிய வேலை இல்லாமல் போயிற்று. களியக்காவிளை தாண்டினால் பஸ் போர்டு படிக்கலாம், அவ்வளவுதான்.

நண்பன் பன்னிரண்டு வருடமாக வளைகுடாவில். விடுப்பில் வரும்போதெல்லாம் அவனுக்குப் பாழடைந்த கட்டடம் ஏதாவது பார்த்தாக வேண்டும். அணைந்துபோன செங்கல் சூளை, ஓடு சரிந்த பழைய வீடு, கதவில்லாத கிட்டங்கி என்று அவனோடு அலைந்திருக்கிறேன். "ஆள் இருக்குத கட்டிடத்துக்குள்ள நம்மள விடமாட்டான் மக்கா. ஆள் போன கட்டிடம் நம்ம கட்டிடம்" என்பான். இந்த முறை அவன் கேட்டது ஒரு பட்டாளக் கட்டடம்: புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை. பழைய ஆட்கள் டிலனாய் கோட்டை என்று சொல்வார்கள்.

நெய்யாற்றங்கரையில் ஆனவண்டி ஏறினோம். கேரள அரசு பஸ்ஸுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. பக்கவாட்டில் இரண்டு யானைகள் நிற்கும். ஊரைவிட்டு வெளியேறும்போது அவன் கேட்டான்: "லே, அம்மச்சிப்பிலாவு ஓர்மையுண்டா?"

ஓர்மையில்லாமல் என்ன. பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டிய மரம். நெய்யாற்றங்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் நிற்கும் முதிய பலா. எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தி வந்தபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதீகம். தப்பிய நன்றிக்குத்தான் பின்னாளில் கோயில் எழுப்பினார் என்றும் சொல்வார்கள். 1729இல் வேணாட்டு அரியணை ஏறி, 1758இல் இறக்கும்போது திருவிதாங்கூர் என்ற பெரிய நாட்டை விட்டுச் சென்றவர், ஒரு காலத்தில் பலாமரத்துக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார் என்பதைச் சிறுவர்களாகிய நாங்கள் வெகுவாக ரசித்தோம். ராஜாவைக் காப்பாற்றியது மரம். அந்த ராஜா பின்பு நாட்டைக் காப்பாற்றக் கட்டியது கருங்கல் கோட்டை. மரத்திலிருந்து கோட்டைக்குத்தான் அன்றைக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

பாறசாலை கழிந்து களியக்காவிளை வந்ததும் பஸ் சற்று நின்றது. எல்லை என்றால் அங்கே ஆறோ மலையோ இல்லை. கடைப் பலகைகளில் எழுத்து மாறும். சாயா டீயாகும். அதைத் தவிர மரச்சீனியும் ரப்பரும் வாழையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுபோலத்தான் நிற்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தக் கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாகாணத்துக்குப் போயின. இணைப்புக்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றங்கரையையும் சேர்த்தே கேட்டது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11இல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு மார்பு கொடுத்தவர்களின் பெயர்கள் அந்தப் பக்கத்தில் தூண்களில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் மிச்சமானவர்களுக்குத் தூண் எதுவும் இல்லை. வீட்டுக்குள் பேசும் ஒரு மொழி மட்டும் மிச்சம், அதுவும் எழுத்தில்லாமல்.

குழித்துறைப் பாலம், மார்த்தாண்டம் மேம்பாலம், தக்கலை. அடுத்து புலியூர்க்குறிச்சி.

*

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நண்பன் ஏமாந்துபோனான். வாசலில் டிக்கெட். உள்ளே நுழைந்தால் மான்கள், பறவைக் கூண்டுகள், பிள்ளைகள் ஏறி இறங்க மரவீடு. தமிழ்நாடு வனத்துறை கோட்டையைப் பல்லுயிர்ப் பூங்காவாக்கி வெகுகாலமாகிறது. "இது பட்டாளம் போன கட்டிடம்னு சொன்ன. வாத்து அணிவகுத்து நிக்குது" என்றான். வாத்துகள் உண்மையாகவே ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் கூண்டுகளைத் தாண்டி மதிலோரமாக நடக்க ஆரம்பித்ததும் பூங்கா பின்னால் தங்கிவிட்டது. ஏறத்தாழ 90 ஏக்கரை வளைத்துப் போகிற கருங்கல் மதில். நடுவில் 260 அடி உயரத்துக்கு ஒரு குன்று. கோட்டை குன்றின் மேல் இல்லை. குன்றுதான் கோட்டைக்குள் இருக்கிறது. மதிலின் மேல் ஆலும் அரசும் வேர் இறக்கியிருந்தன. நண்பன் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றான். வளைகுடாவில் அவனுக்குக் கட்டட வேலை. கல் எப்படி அறையப்பட்டிருக்கிறது, பக்கக் கல்லோடு எப்படிப் பொருந்துகிறது என்று விரலால் இணைப்பைத் தேடிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்று, "இத இறக்கி வச்சவன் ஒரு நாளுக்கு எத்தன கல் வச்சிருப்பான்?" என்று கேட்டான். வரலாற்றுப் புத்தகம் எதிலும் நான் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை.

புத்தகங்கள் சொல்வது வேறு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இங்கே பழைய கோட்டை ஒன்று இருந்தது. 1740களில் மார்த்தாண்ட வர்மா அதைப் புதிதாகக் கட்டினார். பக்கத்தில்தான் பத்மநாபபுரம், அன்றைய தலைநகர். பாண்டி நாட்டுப் பக்கத்திலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் படை தலைநகருக்குள் நுழையுமுன் இங்கே முட்டி நிற்க வேண்டும் என்பது கணக்கு. கட்டும் பொறுப்பு போரில் பிடிபட்ட ஒருவரிடம் விடப்பட்டது. அவர் பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டிலனாய்.

பிடிபட்ட கதை குளச்சலில் நடந்தது. மிளகு வணிகத்தைக் கையில் வைத்துக்கொள்ள டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையிலிருந்து படை இறக்கியது. 1741இல் திருவிதாங்கூர்ப் படை அவர்களைக் குளச்சலில் வளைத்துக்கொண்டது. பீரங்கிக் குண்டு ஒன்று வெடிமருந்துப் பீப்பாயில் விழ, தீ அரிசிக் கிடங்குக்குப் பரவியது என்று சொல்லப்படுகிறது. அரிசி எரிந்தபின் சண்டைக்கு என்ன இருக்கிறது. ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். குளச்சல் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி வரிசையாக நின்று எதிரியை மிரட்டினார்கள் என்ற கதையை அந்தக் கரையில் இன்றும் கேட்கலாம். ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் படையை ஆசிய அரசு ஒன்று மண்டியிட வைத்த அந்தச் சண்டைக்குக் குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது.

கைதியாக வந்த டிலனாயை மன்னர் கொல்லவில்லை, பணயப் பொருளாக வைத்துப் பேரம் பேசவும் இல்லை. வேலை கொடுத்தார். டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் கவாத்து சொல்லிக்கொடுத்தார், பீரங்கி வார்க்கவும் வைத்தார். இந்தக் கோட்டைக்குள்ளேயே வார்ப்பு உலை இருந்தது. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரம் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கைபட்டது. ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்றார்கள். தன்னைச் சிறைபிடித்தவனிடமே சம்பளம் வாங்கி, அவன் நாட்டுக்கே மதில் கட்டியவர். நண்பன் இதைக் கேட்டதும் சிரித்தான். "நம்ம ஆள்தான்" என்றான். அவனும் தன் வீட்டுக்கு மதில் கட்ட மறந்து அடுத்தவன் ஊரில் கட்டிக்கொண்டிருக்கிறவன்.

*

மரங்களுக்கிடையே கூரையில்லாத ஒரு சிறு கட்டடம். சுவர்கள் மட்டும். டிலனாய் கத்தோலிக்கர், அவருக்கும் படையிலிருந்த மற்றக் கத்தோலிக்கர்களுக்குமாகக் கோட்டைக்குள்ளேயே மைக்கேல் சம்மனசு பெயரில் கட்டப்பட்ட சிற்றாலயம். இன்று மேலே ஆகாயம், கீழே கல்லறைகள். பூங்காவில் கேட்ட பிள்ளைகளின் கூச்சல் இங்கே வந்துசேரவில்லை. நண்பன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினான்.

நடுவில் கிடக்கிற பெரிய பலகைக்கல் டிலனாயுடையது. பக்கத்தில் மனைவி மார்கரீத்தா. இன்னொன்று மகன் யோவான்னஸ். 1765இல் களக்காட்டுச் சண்டையில் இறந்தவன். வயது பத்தொன்பது.

"லே, இதுல தமிழ் மாதிரி இருக்கு" என்றான் நண்பன், குனிந்து பார்த்து. தமிழ்தான். கப்பித்தானின் கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு.

"வாசிச்சுச் சொல்லு."

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அச்சுத் தமிழுக்குப் பழகிய கண் கல்லில் வெட்டிய இருநூற்றைம்பது வருடத்து எழுத்தின் முன்னால் தடுமாறும். மழையும் காலடியும் தேய்த்த இடங்களில் வரி குழம்பியது. விரலை எழுத்தின் பள்ளத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவி நகர்ந்தேன். அம்மச்சி மணலில் போட்டுக் காட்டியது நினைவு வந்தது. அதுவும் விரல்தான். சில இடங்களில் எழுத்து தெளிந்தது, சில இடங்களில் ஊகம். பெயர் வந்ததும், "இதோ, இதுதான் ஆள்" என்று காட்டினேன். நண்பன் தன் விரலையும் அதே பள்ளத்தில் வைத்து ஒருமுறை ஓட்டினான். அவனுக்கு அது வெறும் கோடு. ஆனாலும் ஓட்டினான்.

லத்தீன் எங்கள் இருவருக்கும் தெரியாது. அது சொல்வதன் பொருள் வரலாற்று நூல்களில் கிடைக்கிறது. வழிப்போக்கனை நிறுத்தி, இங்கே கிடப்பவர் திருவிதாங்கூர்ப் படைகளின் தலைவர், ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்குச் சேவகம் செய்தவர், காயங்குளத்திலிருந்து கொச்சி வரைக்கும் உள்ள நாடுகளை ஆயுதபலத்தாலும் அச்சத்தாலும் அடக்கி மன்னரின் காலடியில் வைத்தவர் என்று அது சொல்கிறது. 62 வயதும் 5 மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1ஆம் தேதி இறந்தார் என்று முடிகிறது.

அந்த 37 ஆண்டுகளில் ஒன்று, மகன் களக்காட்டில் விழுந்த ஆண்டு. காயங்குளமும் கொச்சியும் கல்லில் இடம்பிடித்த வரியில் களக்காடு இல்லை. அதைப் பக்கத்துக் கல் சொல்லிக்கொள்கிறது. மகனைப் புதைத்த பிறகு பன்னிரண்டு வருடம் கப்பித்தான் இந்தக் கோட்டையிலேயே இருந்திருக்கிறார். படைக்குக் கவாத்து சொல்லியிருப்பார், உலையில் பீரங்கி வார்ப்பதைப் பார்த்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை இந்தச் சிற்றாலயத்தில் முழந்தாள் படியிட்டிருப்பார்.

நண்பன் கேட்டான்: "வெள்ளக்காரன் கல்லுல எதுக்குத் தமிழு?"

நல்ல கேள்வி. லத்தீன் திருச்சபையின் மொழி. அதைக் குருக்கள் வாசிப்பார்கள். மன்னருக்கும் அவர் சபைக்கும் கல்லில் எழுதிக்காட்ட வேண்டிய அவசியமில்லை. அப்படியானால் தமிழ் யாருக்கு? எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த வாசலில் வந்து நின்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கு. நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கிலும் கத்தோலிக்கர்கள் ஜெபம் சொன்னதும் அழுததும் தமிழில். கப்பித்தானின் கீழ் வேலைபார்த்தவர்களில், அவர் வீட்டில் சோறாக்கியவர்களில், கல் வெட்டியவர்களில் தமிழர்கள் இருந்திருப்பார்கள். செத்தவரின் பெயரை அவர்களும் வாசிக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். லத்தீன் கப்பித்தானின் பதவியைப் பார்த்துக்கொண்டது. தமிழ் அவரை ஊராக்கியது.

*

சிற்றாலயத்தில் டிலனாயின் நண்பர் ஒருவருக்கும் இடம் இருந்திருக்க வேண்டும். இல்லை.

வரும் வழியில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நட்டாலம் என்ற ஊர் இருக்கிறது. 1712இல் நீலகண்ட பிள்ளை பிறந்த ஊர். பத்மநாபபுரத்தில் அரசு வேலை பார்த்தவர். வீட்டில் கால்நடை அழிந்து, பயிர் அழிந்து மனம் உடைந்து நின்றபோது டிலனாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது வரலாறு. அந்தப் பேச்சு எங்கே நடந்திருக்கும்? இந்த மதிலுக்குள்ளேயே, ஏதாவது மர நிழலில் நடந்திருக்கலாம். 1745இல் நீலகண்டன் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். 1749இல் சிறைப்பட்டார். எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமாயிற்று. 2022 மே 15ஆம் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கத்திலும் மணி அடித்தது.

சுட்டது திருவிதாங்கூர் அரசின் வீரர்கள். அந்தப் படைக்குத் துப்பாக்கி பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் டிலனாய். நண்பனைக் காப்பாற்ற அவர் என்ன முயன்றார், முயன்றாரா, யார் காலில் விழுந்தார் என்பதற்குக் கல்லில் பதில் இல்லை. 90 ஏக்கர் கோட்டைக்குள் ஒரு நண்பனை ஒளித்துவைக்க ஒரு பலாமரத்துப் பொந்து இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மதிலை மறுபடி பார்த்தேன். இத்தனை கல்லைச் சுமந்து அடுக்கி இந்தக் கோட்டை யாரைக் காத்தது? கட்டியவரின் மகனைக் காக்கவில்லை. அவர் நண்பரைக் காக்கவில்லை. திப்பு சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டவர்களைச் சிலகாலம் இங்கே அடைத்துவைத்திருந்தார்கள். அப்போது இது சிறையாக இருந்தது. கடைசியாக எந்த வழியில் படை வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்களோ அதே வழியில் படை வந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கிளம்பிய 1809இல், பிப்ரவரி 10ஆம் தேதி, கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரண்களை உடைத்து உள்ளே நுழைந்தது. அடுத்த சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டை ஏதுமில்லாமல் அவர்கள் கைக்குப் போயின. அறுபது எழுபது ஆண்டுகள் தயாராக நின்ற கோட்டை, தேவைப்பட்ட வாரத்தில் வாசலைத் திறந்துவிட்டது.

அதன் பிறகும் திருவிதாங்கூருக்குப் பட்டாளம் இருந்தது. பெயரளவுக்கு, அணிவகுப்புக்கு, உற்சவத்துக்கு என்றுதான் பெரும்பாலும். எங்கள் நெய்யாற்றங்கரை அந்தப் பட்டாளத்தை நேருக்கு நேர் கண்டது 1938 ஆகஸ்ட் 31இல். பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட சொந்த ஜனங்கள் மேல் அது சுட்டது. வீரராகவன் உள்ளிட்டவர்கள் விழுந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தில் கலந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆவது பட்டாலியன் இன்றும் தன் பிறப்பை அங்கேயிருந்து எண்ணுகிறது. கோட்டை மட்டும் யாரோடும் சேராமல் இங்கேயே நின்றுவிட்டது. மான் வந்தது, வாத்து வந்தது, சனிக்கிழமை வெயிலில் நாங்கள் வந்தோம்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போக, நண்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டான். பிறகு சொன்னான்: "எங்க கேம்பும் பட்டாளம் மாதிரிதான் மக்கா. ஒரு ரூமுல எட்டுப் பேரு. ஒருத்தன் போனா அந்தக் கட்டிலுக்கு வேற ஒருத்தன் வருவான். சுவத்துல பேரு எழுதக்கூடாது."

*

திரும்பும் பஸ்ஸில் அவன் அதிகம் பேசவில்லை. களியக்காவிளையில் இறங்கி ஒரு கடையில் பழம்பொரியும் சாயாவும் வாங்கினோம். பேப்பரில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"நம்ம கல்லறைத் தோட்டத்துல எங்க தாத்தா கல்லு உண்டுல்லா?"

உண்டு. சிறுவயதில் அதன் மேல் ஏறி நின்று நெல்லிக்காய் பறித்திருக்கிறோம்.

"அதுல எழுதியிருக்குது தமிழ்தானே?"

நான் அதுவரை யோசித்ததில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பழைய கற்கள் தமிழிலும் புதிய கற்கள் மலையாளத்திலும் இருக்கும். பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் நடுவே கோடு எதுவும் கிடையாது. எழுத்தைப் பார்த்தால் எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும். கல்லெழுதுகிறவனிடம் தமிழில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒரு கட்டத்தில் நின்றுபோனார்கள். யாரும் தடுத்து நிறுத்தவில்லை. வாசிக்க ஆளில்லாத எழுத்துக்கு எதற்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற எளிய கணக்கு அது. ஒரு மொழி ஓர் ஊரைவிட்டுப் போவதைப் பெரிய சம்பவமாக நாம் கற்பனை செய்கிறோம். சட்டம் வரும், பூட்டு விழும், ஆட்கள் தெருவுக்கு வருவார்கள் என்று. எங்கள் ஊரில் அது கல்லறைக்கல்லின் விலைப்பட்டியலில் நடந்தது.

இருட்டுமுன் போய்ச் சேர்ந்தோம். நண்பன் கல்லின் மேல் கிடந்த சருகைத் தள்ளினான். பாசி கட்டியிருந்தது. அவன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் தேங்காய்ச் சவுரியால் தேய்த்தான். உதயகிரியில் மதிலைத் தடவிய அதே கவனம். எழுத்து மெல்ல மேலே வந்தது. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும், சகல ஆத்துமாக்களின் திருநாளன்று, அவன் அம்மா இந்தக் கல்லின் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி வைப்பார். வளைகுடாவுக்குப் போகும்வரை அவனும் கூட நிற்பான். இருவரும் இந்த வரிகளின் மேல் குனிந்துதான் நின்றிருக்கிறார்கள். அவன் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது.

நான் கூட்டி வாசித்தேன். தாத்தாவின் பெயர். வீட்டுப் பெயர். அவர் பிறந்த வருடம், இறந்த வருடம். கர்த்தரில் இளைப்பாறுகிறார் என்ற வழக்கமான சொல். அவ்வளவுதான் என்று எழப்போனேன். கல்லின் அடியில், மண் ஏறியிருந்த ஓரத்தில், சற்றுச் சிறிய எழுத்தில் இன்னொரு வரி தெரிந்தது. நண்பன் சவுரியை இன்னொருமுறை நனைத்தான்.

அது ஒரு பெண்குழந்தையின் பெயர். வயது நான்கு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் அம்மா சுளவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து காய்ச்சலில் போனது உண்டு என்று அம்மா சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். எங்கே வைத்தார்கள் என்று தெரியாது, கேட்டபோதெல்லாம் அம்மா அழுததால் கேட்பதை விட்டுவிட்டதாகவும் சொன்னார். பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொருமுறை என்றார்.

நண்பன் விடுப்பு முடிந்து போய்விட்டான். நவம்பர் 2ஆம் தேதி மாலையில் அவன் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். இந்த வருடம் அந்தக் கல்லில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது.